குழாயக்காவின் வாசல்

பழைய சாயத் தொழிற்சாலையின் மண்ணில் விஷம் ஊறிக் கிடந்தது. அதைத் தோண்டி அகற்றிய காலமெல்லாம், வாசலில் நின்று, வெளியே வருபவர்களின் பூட்ஸில் தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவுவதுதான் குழாயக்காவின் வேலை. "காலக் காட்டுங்க!" என்று இன்ஜினியரையே அதட்டுவாள்.

மண் சுத்தமாகி அங்கே பூங்கா திறந்த அன்று சும்மா வேடிக்கை பார்க்கத்தான் வந்தாள். முதல் குடும்பம் வெளியே வந்ததும், பழக்கதோஷத்தில் செடிக்குத் தண்ணீர் விடும் குழாயைப் பிடுங்கி அவர்கள் காலில் பீய்ச்சிவிட்டாள். அந்தக் குடும்பத்தலைவரின் பேன்ட் தொப்பலாக நனைந்தது.

"அக்கா, இது பூங்கா!" என்று இன்ஜினியர் அலறினார்.

"இன்னொரு தடவ!" என்று கத்திக்கொண்டே பிள்ளைகள் சேற்றை மிதிக்க உள்ளே ஓடினார்கள்.

குழாயக்கா குழாயை இன்ஜினியர் கையில் திணித்தாள். செருப்பை உதறிவிட்டு, அந்த மண்ணில் முதன்முறையாக வெறுங்காலோடு குதி குதியென்று குதித்துவிட்டு வந்தாள்.

இன்ஜினியர் குழாயை நீட்டினார்.

"காலக் காட்டுங்கக்கா!"