தரையில் படாத கால்

இந்தோனேசியாவில் எங்கள் மலாங் ஊர்ச் சந்தையில் டெம்பே என்ற புளித்த சோயாக்கட்டி விற்கும் வினார்சிக்குச் சிறு வயதிலேயே இடது கால் சூம்பிவிட்டது. ஓட்டுவது மூன்று சக்கர மோட்டார் சைக்கிள். லைசென்ஸ் கேட்டுப் போனபோது அதிகாரி முகத்தைச் சுளித்தார்.

"இந்தக் காலோட எப்படிம்மா?"

"எட்டு போடும்போது கால் தரையில பட்டா ஃபெயில்தானே, சார்?"

"ஆமா."

"எனக்குப் படவே படாது. என் வீட்டுக்காரரப் பாருங்க, ரெண்டு காலும் நல்லாத்தான் இருக்கு. நாலு தடவையும் ஊனிட்டாரு!"

அருகில் நின்ற அவள் கணவர் பைமின் தன் செருப்பையே பார்த்தார். அதிகாரிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

ஒரு கூம்பும் சாயாமல் எட்டு போட்டு லைசென்ஸ் வாங்கிவிட்டாள். இப்போது டெம்பே கூடையோடு பின்னால் உட்காரும் பைமினின் கால், வளைவு வந்தாலே தரையைத் தேடுகிறது.

"ஏங்க, கால மேல வைங்க. என்னையும் ஃபெயிலாக்கிடாதீங்க!"