மச்சான் பார்த்துக் கொடுத்த லேப்டாப்

திருமலைராயன்பட்டினத்தில் எங்கள் ஆட்களிடையே கல்யாணம் ஆனால் பெண் வீட்டைவிட்டுப் போவதில்லை, மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடி வருவார். அப்படி வந்தவர் என் மச்சான், லாத்தாவின், அதாவது அக்காவின், கணவர். நல்ல மனிதர். அதுதான் பெரிய தொல்லை. கெட்டவராக இருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன்.

பி.காம் முடித்துவிட்டு வீட்டில் சும்மா இருந்தேன். வீட்டிலிருந்தே பார்க்கிற கணக்கு வேலை ஒன்றுக்கு ஒரு சென்னைக் கம்பெனி ஆன்லைனில் தேர்வு வைத்தது. வெளியூர் வேலைக்கு என்னை அனுப்ப மாட்டார்கள், ஆகவே எனக்கு இருந்தது இந்த ஒரு வழிதான். விண்டோஸ் பதினொன்று உள்ள சொந்த லேப்டாப்பில்தான் எழுத வேண்டும் என்று மெயிலில் தெளிவாகப் போட்டிருந்தார்கள். துபாயிலிருந்து வாப்பா பணம் அனுப்பினார். காரைக்கால் கடையில் புது மாடல் ஒன்றைப் பார்த்தும் வைத்துவிட்டேன்.

சாப்பிடும்போது மச்சான் ஆரம்பித்தார். "புதுசெல்லாம் பிளாஸ்டிக் டப்பாம்மா. நாகப்பட்டினத்துல நம்ம கூட்டாளி கடை வச்சிருக்காரு. ஆபீஸ்ல ஓடுனத சர்வீஸ் பண்ணி புதுசாட்டம் தருவாரு. இரும்பு மாதிரி இருக்கும்."

மெயிலை எடுத்து நீட்டியிருக்கலாம். உம்மா என்னை ஒரு பார்வை பார்த்தார். வீட்டு மாப்பிள்ளை சொன்னதை மறுத்துப் பேசுகிற பழக்கம் எங்களிடம் இல்லை. "சரிங்க மச்சான்" என்றேன். அப்படிச் சொன்ன என் வாயை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

தேர்வுக்கு நான்கு நாள் முன்னால் லேப்டாப் வந்தது. நல்ல கனம், உண்மையிலேயே இரும்புதான். விண்டோஸ் பத்துதான் இருந்தது. பதினொன்றை ஏற்றப் பார்த்தால், பிராசஸர் பழசு, ஏறாது என்றது. பதறிப்போய்க் கடைக்கு ஃபோன் செய்தேன். கடைக்காரர் தங்கமான ஆள். ஒரு வாரத்துக்குள் கொண்டுவந்தால் பணத்தைத் திருப்பித் தருவதாகச் சொன்னார். எனக்குப் போன உயிர் வந்தது.

உம்மா விடவில்லை. "திருப்பிக் குடுத்தா மச்சான் மொகம் என்னாவும்? அவரு கூட்டாளி கடை வேற. நாளைக்கி ஒன் லாத்தாவுக்குத்தான் சங்கடம். பரீட்ச அடுத்த தடவயும் வரும்."

லாத்தாவிடம் போய் நின்றேன். அவள் குழந்தையின் துணிகளை மடித்துக்கொண்டே இருந்தாள், நிமிரவே இல்லை. பக்கத்து வீட்டில் இரவல் கேட்கிறேன் என்றதற்கும் உம்மா தலையாட்டி மறுத்தார். ஊருக்குத் தெரிந்துவிடுமாம்.

தேர்வன்று காலை அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, எழுதுகிறவள் மாதிரி அந்தப் பெட்டியின் முன்னால் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தேன்.

மதியம் மச்சான் சாப்பிட உட்கார்ந்ததும், "எப்புடிம்மா எழுதுன?" என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள் உம்மா முந்திக்கொண்டார். "எங்கங்க, சரியா படிக்கல போலருக்கு. கோட்ட விட்டுட்டா."

மச்சானுக்கு நிஜமாகவே வருத்தம். "இவ்வளவு நல்ல லேப்டாப் அமஞ்சும் படிக்காம விட்டுட்டியேம்மா" என்றார்.

உம்மா அவர் தட்டில் இன்னொரு வஞ்சிரத் துண்டை வைத்தார்.