தம்பியின் சிவப்பு

கார்பன் மோனாக்சைடைத் தின்று பிழைக்கும் பாக்டீரியாக்களோடுதான் என் உத்தியோக காலம் முழுவதும் கழிந்தது. விறகைக் கரியாக்க மூட்டம் போட்ட இடத்து மண்ணை அள்ளி வந்து குடுவையில் இட்டு, மனிதரைக் கொல்லும் அந்த வாயுவை ஊட்டி, அவை செழிக்கின்றனவா என்று பார்ப்பேன். "ஒன் பிள்ளைக சாப்பிட்டுச்சுகளாக்கா?" என்று தம்பி கிண்டல் செய்வான். செய்யட்டும். நான் இந்தப் படிப்பில் போய் விழுந்ததே அவனால்தான்.

அவன் பிறந்தது இலுப்பூரில், சுதந்திரம் வந்த மறு வருஷத்து ஐப்பசியில். அப்பா கரி வியாபாரி. பெட்ரோலுக்குப் பதில் கரி போட்டு ஓட்டிய புதுக்கோட்டைக் கரி பஸ் எங்கள் கடை மூட்டையில்தான் ஓடியது. அதில் எனக்கு ஏகப்பட்ட கர்வம். அத்தைக்கு என்னைவிட ஒரு பிடி அதிகம். மற்ற வீடுகளில் பிள்ளை பெற்ற அறையில் விறகு புகைந்து கண் எரியும். எங்கள் வீட்டிலோ சட்டி நிறையக் கரித் தணல். "எங்கண்ணன் கரியில பொட்டுப் புகை வராதுங்க" என்று வருகிறவர்களிடமெல்லாம் அத்தை சொல்லிக்கொண்டிருந்தார்.

எட்டாம் நாள் காலையில் மழையோடு காற்றும் சேர்ந்துகொண்டது. ஈரக்காற்று பட்டால் ஜன்னி கண்டுவிடும் என்று அத்தை ஜன்னலில் சாக்கைத் திணித்துக் கதவையும் சாத்தினார். புகை வந்திருந்தால் யாராவது திறந்திருப்பார்கள். எங்கள் கரிதான் உயர்ந்த சரக்காயிற்றே!

மதியம் எட்டிப் பார்த்தவர்கள் அசந்துபோனார்கள். பிள்ளை செக்கச் செவேலென்று இருந்தான். அழவும் இல்லை. சமத்து என்று மெச்சினார்கள். அம்மா மட்டும், "தலை கிறுகிறுங்குது" என்றாள்.

"பச்ச ஒடம்பு, அப்படித்தான் இருக்கும். பேசாம படுங்க" என்றார் அத்தை.

ஊரே கறுப்பி என்று கூப்பிட்ட எனக்குச் சிவப்பாக ஒரு தம்பி! பக்கத்து வீட்டுத் தோழி நம்ப மறுத்தாள். அத்தை அடுப்படியில் பிரசவ மருந்து கிண்டிக்கொண்டிருந்த நேரம் பார்த்து உள்ளே போனேன். அம்மா அசையாமல் தூங்கினாள். தம்பியைத் துணியோடு தூக்கிக்கொண்டு கொல்லைத் தாழ்வாரத்துக்கு வந்துவிட்டேன். இரண்டு கையிலும் பிள்ளை இருந்ததால் கதவைச் சாத்த முடியவில்லை.

"ஆமாடி, செவப்புத்தான்" என்று தோழி ஒப்புக்கொண்டாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. போதாதென்று எதிர்வீட்டுப் பிள்ளைகளையும் கூப்பிட்டுக் காட்டினேன். வெகுநேரம் கழித்து, சாரல் முகத்தில் பட்டதும் அவன் உதட்டைப் பிதுக்கி, வீறிட்டு அழ ஆரம்பித்தான்.

அத்தை ஓடிவந்து என் முதுகில் ஒன்று வைத்தார். திறந்த கதவைப் பிடித்துக்கொண்டு எழுந்துவந்த அம்மா வாசற்படியிலேயே வாந்தி எடுத்தாள். அறை காற்றுப்பட்டுப் போயிற்று, இனி ஆகாது என்று இருவரையும் கூடத்துக்கு மாற்றினார்கள். பொழுது சாய்வதற்குள் தம்பியின் சிவப்பு இறங்கி, அப்பாவின் நிறம் வந்துவிட்டது.

"காத்துல காட்டிப் பிள்ளை நெறத்தையே கெடுத்துட்டாளே பாவி!" என்றார் அத்தை. நான் அதைப் பத்து வருஷத்துக்கு மேல் நம்பினேன்.

திருச்சிக் கல்லூரியில் ஒருநாள் ஆசிரியர் பாடம் நடத்தினார். மூடிய அறையில் கரித் தணலிலிருந்து வரும் வாயு கண்ணுக்குத் தெரியாது, நாற்றமும் கிடையாது. இரத்தத்தைப் பற்றிக்கொண்டு, சாகப்போகிறவரைச் சிவக்க வைத்துவிடும் என்றார். அன்று என் நோட்டில் பாடம் அந்த வரியோடு நின்றுவிட்டது.

விடுமுறையில் வந்து அத்தையிடம் சொன்னேன். மறுநாளிலிருந்து அவர், "எங்க வீட்டுப் பொண்ணு எட்டு வயசுலயே ரெண்டு உசுரக் காப்பாத்துனவ" என்று தெருத் தெருவாகச் சொன்னார். ஜன்னலை அடைத்தது யார் என்பதை மட்டும் விட்டுவிட்டார். எனக்கும் பெருமைதான், ஏன் மறைக்க வேண்டும்?

ஆனால் அந்த மழை நாளில் எனக்கு என்ன தெரியும்? கூடத்தில் தம்பி விடாமல் அழுதுகொண்டிருந்தான். அவன் பிழைத்துவிட்டான் என்று வீட்டுக்கே சொல்லிக்கொண்டிருந்த அந்தக் குரலைக் கேட்கச் சகிக்காமல், கரி மூட்டைகளுக்குப் பின்னால் நான் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.