மாதாவிட்டச் சொன்னதை மிட்வைஃப் மிஸ் கேட்டா

…கேட்டியோடி ஸ்ரெல்லா, என்ர மனுசன் பேசாலையில ஒருத்தியை வச்சிருக்கிறாராம்! நான் மாதாவிட்ட அழுதது அதுக்குத்தானாம். இந்த மனுசன் பேசாலைக்கு ஐஸ் எடுக்கப் போனாலே வழியில நித்திரையாப் போறவர். இவரை ஆர் வச்சிருக்கிறது! இரு இரு, எழும்பாதை. தேத்தண்ணியைக் குடி. அண்டைக்கு நடந்ததை இண்டைக்கு உனக்கு முழுசாச் சொல்லுறன். மாதா எனக்குச் செய்த புதுமை அது.

என்ர கடைசிப் பெடியன் பிறந்தது சண்டைக்காலம். ஆஸ்பத்திரிக்குப் போக வழியில்லை, வீட்டிலதான் பெத்தனான். பெத்து முப்பத்தொரு நாள் கழியமுன்னமே மீன்கூடை தூக்கினன். தூக்காட்டி அடுப்பெரியாது. பிறகொருநாள் குந்தியிருந்து மீன் கீறேக்க, கீழ ஏதோ இறங்கின மாதிரிக் கிடந்துது. கையை வச்சுப் பாத்தன். உள்ள இருக்கவேண்டியது வெளிய நிக்குது. கர்ப்பப்பையடி! அப்ப எனக்கு அந்தப் பேரும் தெரியாது. செத்துப்போவன் எண்டு நினைச்சன். சாகவுமில்லை.

அண்டையில இருந்து பழஞ்சீலையை மடிச்சு வச்சு அடைச்சுக்கொண்டு திரிஞ்சன். இருமப் பயம். சிரிக்கப் பயம். எனக்குச் சிரிக்காம இருக்க ஏலுமே, சொல்லு பாப்பம்! பஸ்ஸில ஏறேல்லை, மடு மாதா கோயிலுக்கு றக்டரில சனம் போகேக்க வீட்டில நிண்டன். மனுசனுக்கும் சொல்லேல்லை. தனிப்பாய் போட்டுப் படுத்தன். ஏதோ கோவம் எண்டு நினைச்சு அந்தாள் எனக்குப் புதுச்சீலை வாங்கிக்கொண்டு வந்துது, பாவம். கடல் இந்தப் பக்கம், வேலி அந்தப் பக்கம். அதுக்குள்ள நான், கூட்டுக்குள்ள நண்டு மாதிரி.

ஒருக்கா ஆஸ்பத்திரிக்கும் போனனான். உள்ள இருந்தது ஆம்பிளை டொக்டர். நல்ல பிள்ளை, என்ர மூத்தவன்ர வயசு. "என்னம்மா செய்யுது?" எண்டு கேட்டார். "காய்ச்சல் தம்பி" எண்டன். பனடோலைத் தந்து விட்டார். வேற என்ன செய்யிறது அவர்?

ஒக்டோபர் மாசம் மாதாவின்ர சிலையை வீடு வீடாக் கொண்டு வருவினம் தெரியும்தானே. செபமாலை தொடங்கமுன்னம் வீட்டுக்காரி தான் எதுக்குச் செபிக்கிறாள் எண்டு கருத்துச் சொல்லோணும். ஒருத்தி மகன்ர விசாவுக்கெண்டுவாள், ஒருத்தி எஞ்சின் திருத்தவெண்டுவாள். என்ர முறை வர, "எனக்கொரு தனிக் கருத்து" எண்டிட்டுக் குனிஞ்சு அழுதிடுவன். வருசா வருசம் அதேதான். சனம் விடுமே? அப்பதான் பேசாலைக்காரி பிறந்தவள்!

எல்லாத்தையும் தாங்கினன். ஆனா பாப்பாமோட்டையில கட்டிக்குடுத்த மகளுக்குப் பிள்ளை பிறந்தபோது நான் போகேல்லை. தலைப்பிள்ளையடி. "அம்மாவுக்குக் கருவாடுதான் பெரிசு" எண்டு போனில சொல்லி வச்சிட்டாள். அது என்னை முறிச்சுப் போட்டுது.

அந்த ஒக்டோபர் மாதா எங்கட வீட்டில நிண்டா. காலமை எல்லாரும் வெளிக்கிட்டாப்பிறகு பூ வைக்கப் போனன். முழங்காலில நிக்க ஏலாது, நிலத்தில சரிஞ்சு இருந்துகொண்டு கத்தினன். "அம்மா தாயே, நீயும் பிள்ளை பெத்தனிதானே! எனக்குக் கர்ப்பப்பை இறங்கிக் கிடக்குது, நான் ஆரிட்டச் சொல்லுவன்? என்னைப் பேரப்பிள்ளையிட்டப் போக விடு!" வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல்தரம்.

வேலிக்கங்கால ஒரு சத்தம். "அம்மா, மாதாவுக்குக் கேட்டுதோ தெரியாது. எனக்குக் கேட்டிட்டுது."

ஆர் தெரியுமே? உன்ர சின்னவனைப் பாக்க வந்த மிட்வைஃப் மிஸ்! எனக்கு நிலம் பிளந்து விழுங்காதோ எண்டிருந்துது. அவ உள்ள வந்து, எனக்குப் பக்கத்தில நிலத்திலயே இருந்தா. "இது கன பேருக்கு இருக்கம்மா. மருந்திருக்கு. மன்னார் ஆஸ்பத்திரிக்கு வாறியளோ?" பஸ் ஏற ஏலாது மிஸ் எண்டன். "சரி, நீங்கள் வராட்டி நான் லேடி டொக்டரை இஞ்ச கூட்டிக்கொண்டு வாறன்."

சொன்னபடி செய்தா. ஒரு செவ்வாய்க்கிழமை, எங்கட கோயில் மண்டபத்தில. பிறஷர் பாக்கிறம் எண்டுதான் ஊருக்குச் சொன்னது. அதால ஆம்பிளையளும் வந்திட்டினமடி! என்ர மனுசன் சேட்டுப் போட்டு, பவுடர் பூசி, முன்னுக்கு நிக்கிறார். அவருக்குப் பாத்து அனுப்பிப்போட்டு, மிஸ் பொம்பிளையளை ஒவ்வொருத்தராத் திரைக்கு அங்கால கூப்பிட்டா.

"எத்தினை வருசமம்மா?" எண்டா டொக்டர்.

"என்ர சின்னவனைப் பாருங்கோ பிள்ளை, அவனுக்கு மீசை வந்திட்டுது" எண்டன்.

அவ சிரிக்கேல்லை. என்ர கையைப் பிடிச்சா. பிறகு பாத்து, கர்ப்பப்பையைத் தாங்கிற ஒரு றிங்கை உள்ள வச்சு விட்டா. சிலபேருக்கு ஒப்பரேசன் வேணுமாம், எனக்கு இப்போதைக்கு இது காணுமாம், இடைக்கிடை வந்து காட்டோணுமாம். எழும்பி நிண்டன். ஒண்டும் இறங்கேல்லை. இருமிப் பாத்தன். இறங்கேல்லை! அம்மா எண்டு அழுதன். திரையை விலத்தி வெளிய வந்தால், எனக்குப் பின்னால வாங்கில ஆர் இருக்கினம்? பேசாலைக் கதை கட்டினவளவை! எல்லாரும் பிறஷருக்காம்.

அடுத்த ஞாயிறு பூசை முடிய நேர பஸ் ஏறினன். பாலத்தால போகேக்க யன்னலுக்கால காத்து வந்து முகத்தில அடிச்சுது. மகள் என்னைக் கண்டிட்டு வாசலில அப்பிடியே நிண்டாள். உள்ளதைச் சொன்னன். பிள்ளையை என்ர மடியில போட்டிட்டு என்னைக் கட்டிப்பிடிச்சு அழுதாள்.

இப்ப நான் தனிக் கருத்தெண்டு சொல்லுறேல்லை. இன்னதெண்டு பேர் சொல்லித்தான் செபிக்கிறன். மாதாவிட்டயும் சொல்லு, மிஸ்ஸிட்டயும் சொல்லு. மாதா ரெண்டு வழியாலயும் கேப்பா.

உனக்கேன் இதைச் சொல்லுறன் எண்டு கேக்கிறியோ? நீ பூசையில கடைசி வாங்கில ஒருக்களிச்சு இருக்கிறதைக் கண்டனான். அப்பிடி இருக்கிறவளை எனக்குத் தெரியாதோ? அழாதை. வாற செவ்வாய் டொக்டர் வாறா. நான் உன்னோட வாறன், திரைக்குள்ளயும் வாறன். கையைப் பிடிச்சுக்கொண்டு நிப்பன்.

ஐயோ, தூறுதடி! கருவாடெல்லாம் வெளிய! விடு, விடு, நீ கூடையில கை வையாதை. நீயும் தூக்கக்கூடாது, நானும் தூக்கக்கூடாது. மனுசன் உள்ள நித்திரைதானே. இஞ்சேருங்கோ! எழும்பி வாங்கோ! மழை வருது, வந்து கூடையைத் தூக்குங்கோ!