அடைக்கக் கூடாத ஓட்டை

சோப்புத் தண்ணீரில் பிரஷ்ஷைத் தோய்த்து, கேஸ் குழாயின் மூட்டில் தடவியதும் நுரை அக்கா பேச்சை நிறுத்திவிடுவார். நாள் முழுக்க அவர் வாய் மூடியிருப்பது அந்தச் சில நொடிகள்தான். முட்டிபோட்டு, கழுத்தைச் சாய்த்து, மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு பார்ப்பார். நுரை அப்படியே படுத்துக்கிடந்தால் "நல்ல பிள்ளை" என்று குழாயைத் தட்டிக்கொடுத்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து தன் மாமியார் கதையைத் தொடர்வார். குமிழி ஒன்று ஊதிக்கொண்டு எழுந்தால், "வந்துட்டியாடா! உன்னைத்தான் தேடிட்டிருந்தேன்" என்பார். தொலைந்த சாவி கிடைத்ததுபோல அப்படி ஒரு சந்தோஷம்.

படுக்கை, அடுப்பு, ஹீட்டர் என்று ஒரு குட்டி வீட்டையே சுமந்துகொண்டு ஓடும் கேம்பர் வேன்களில் கேஸ் சாமான்களைச் சோதிப்பதுதான் அவர் பிழைப்பு. ஐம்பதை நெருங்கும் வயது. கால்சட்டை முழுக்கப் பாக்கெட்டுகள். ஒவ்வொன்றிலும் ஒரு ஸ்பானர். "இருங்க, இதோ" என்று துழாவ ஆரம்பித்தால், வேண்டியது கடைசிப் பாக்கெட்டில்தான் இருக்கும்.

இன்னொரு விசேஷம், அவருக்கு மூக்கு வேலை செய்யாது. ஏதோ ஒரு காய்ச்சலில் போன வாசனை திரும்பவே இல்லை. "வீட்டுல பால் அடிப்பிடிச்சாக்கூட எனக்குத் தெரியாது. வீட்டுக்காரர்தான் கத்துவார்" என்று சிரித்தார். கேஸ் கசிவைக் கண்டுபிடிக்க மூக்கில்லாத ஆளா என்று எனக்குத் திக்கென்றது. இவரைக் கூப்பிடச் சொன்ன எங்கள் மெக்கானிக் பேச்சைக் கேட்டு வம்பை விலைக்கு வாங்கிவிட்டேனோ என்று முழித்தேன். அவர் அதைக் கவனித்துவிட்டார்.

"மூக்கு இருக்கறவங்க மோந்து பார்த்துட்டு ஒண்ணுமில்லைன்னு போயிடுவாங்க, தம்பி. எனக்கு அந்தச் சொகுசு கிடையாது. ஒவ்வொரு மூட்டா பார்த்தாகணும்."

வேன் என் அப்பா அம்மாவுடையது. ஓய்வு பெற்ற கையோடு அப்பா வாங்கிய பழைய வண்டி. போன வாரம் ஒத்திகையாக ஒரு ராத்திரி அதிலேயே படுத்துப் பார்த்தார்கள். மறுநாள் காலை மலைப்பக்கம் ஒரு மாதப் பயணம். கடுங்குளிர், ஹீட்டரைப் போட்டுக்கொண்டுதான் தூங்க வேண்டும். சோதிக்காமல் கிளம்பவிட மாட்டேன் என்று நான் ஒற்றைக்காலில் நின்றேன்.

அடுப்புக்கு அடியில் தலையை நுழைத்த அக்கா, "வந்துட்டியாடா!" என்றார். ரப்பர் குழாயில் மெல்லிசாக ஒரு வெடிப்பு. அது மட்டும் என்றால் மாற்றிவிட்டுப் போயிருப்பார். அதற்கு நேர் கீழே, வேனின் தரையில் இருந்த ஓட்டைக்குள் ஒரு பழைய துண்டை யாரோ இறுக்கித் திணித்திருந்தார்கள். துண்டை உருவி எடுத்தவர் முகத்தில் சிரிப்பே இல்லை.

"இது யார் வேலை?"

அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா என்னைப் பார்த்தார்.

"நான்தாம்மா" என்றார் அம்மா. "அது வழியா காத்து வந்து கால்ல குத்துது. அன்னிக்கு ராத்திரி பூரா பாதம் மரத்துப்போச்சு. சும்மா கிடக்கற ஓட்டைதானே?"

"அது சும்மா கிடக்கலைம்மா, உங்களுக்குக் காவல் காக்குது. இந்த கேஸ் காத்தைவிடக் கனம். கசிஞ்சா தண்ணி மாதிரி கீழே தேங்கும். அது வெளியே போகத்தான் இந்த ஓட்டை. மேல குழாய் வெடிச்சிருக்கு, கீழ வழியை அடைச்சிருக்கீங்க. காலையில டீ போட லைட்டரைத் தட்டியிருந்தீங்கன்னா…"

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. இன்னும் ஒரு நாள் தள்ளிப்போட்டிருந்தால்? அந்த மெக்கானிக் மகராசனாக இருக்கட்டும். அக்காவுக்கு நான் என்ன செய்தாலும் தகும். அப்பா அவர் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. கடைசியில் அக்காதான், "கையை விடுங்கய்யா, குழாயை மாத்தணும்" என்றார்.

குழாய் மாறியது. மறுபடி நுரை, மறுபடி மௌனம், மறுபடி "நல்ல பிள்ளை". அடுப்பின் தீ நீலமாக எரிகிறதா என்று பார்த்தார். படுக்கைத் தலைமாட்டில் விஷவாயு அலாரம் ஒன்றை மாட்டி, அலறவிட்டு, அப்பாவைத் துள்ளவைத்தார். பிறகு அம்மாவிடம் வந்தார்.

"இனிமே அடைக்க மாட்டீங்கதானே?"

"சரிம்மா, சரிம்மா."

அந்தச் 'சரி' எங்கள் வீட்டில் பிரசித்தம். மாத்திரை சாப்பிட்டாயா என்றாலும் அம்மாவிடம் அதே 'சரி'தான். அக்காவா ஏமாறுகிறவர்?

"நான் தெருமுனை திரும்பறதுக்குள்ள அடைச்சிடுவீங்க. கால் குளிருதே, பாவம், நீங்கதான் என்ன பண்ணுவீங்க?"

அம்மா குனிந்து பாதத்தைத் தேய்த்துக்கொண்டார். அப்போதுதான் எனக்கு உறைத்தது: அடைக்கத்தான் போகிறார்.

நுரை அக்கா வேன் படியில் உட்கார்ந்து பூட்ஸ் கயிற்றை அவிழ்த்தார். முழங்கால்வரை ஏறியிருந்த தடித்த கம்பளிக் காலுறைகளை உருவி, ஒரு உதறு உதறினார்.

"ஐயையோ, வேண்டாம்மா! அப்புறம் உன் காலுக்கு?"

"வீட்டுல வேற இருக்கு. நீட்டுங்க காலை."

வெறுங்காலோடு தரையில் முட்டிபோட்டு, அம்மாவின் பாதத்தைத் தூக்கித் தன் மடிமேல் வைத்துக்கொண்டு, விரல் நுனியிலிருந்து மெல்ல மாட்டிவிட ஆரம்பித்தார்.