ஓரத்துக்கு ஐந்து குத்து

அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்க்க மாட்டாள். ஊசியக்கா என்றால்தான் காது கேட்கும். மாவு ஆலைக்குக் கோதுமை வாங்குமுன், விவசாயிகளின் வட்டமான தகரக் கிடங்குகளில் ஏறி, ஆள் உயரக் குத்தூசியைச் செருகி, அதன் பள்ளத்தில் வரும் மணிகளை முகர்ந்து பார்ப்பது அவள் வேலை. ஒன்பது இடத்தில் குத்த வேண்டும். நான்கு குத்தில் ஈரம் வந்தால் சரக்கு வேண்டாம்.

எங்கே குத்துவது என்பதற்கு மேலாளர் ஓர் அட்டை போட்டிருந்தார். நடு, இடை, ஓரம் என ஒரே அகலத்தில் மூன்று வளையம். ஒவ்வொன்றிலும் மூன்று குத்து. பன்னிரண்டு வருடம் குத்திய பிறகுதான் ஊசியக்காவுக்கு உறைத்தது. நடுவில் குத்துகள் ஒன்றையொன்று இடிக்கின்றன; ஓரத்திலோ ஒன்றிலிருந்து அடுத்ததற்குப் போவதற்குள் மூச்சு வாங்குகிறது.

"எல்லாத்துக்கும் மூணு மூணு. இதைவிட நியாயம் வேணுமா உனக்கு?" என்றார் மேலாளர்.

ஊசியக்கா அலுவலகத் தரையில் சுண்ணக்கட்டியால் அட்டையில் உள்ளபடியே மூன்று வட்டம் போட்டுக் கோதுமையைச் சீராகப் பரப்பினாள். நடுவுக்கு ஒரு படி பிடித்தது. இடைக்கு மூன்று படி. ஓரத்துக்கு ஐந்து!

"ஓரம் முழுக்க ஈரம்னா பாதிக்கு மேல போச்சு சார். ஆனா உங்க அட்டைல மூணு குத்துதான் மாட்டும். சரக்கு பாஸ்!"

மேலாளர் தலையைச் சொறிந்தார். மறுவாரம் புது அட்டை வந்தது: ஒன்று, மூன்று, ஐந்து. ஊசியக்காவுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

புது அட்டைக்கு முதலில் சிக்கியது அவள் தம்பி. அவன் சொந்தமாகப் பயிரிட்ட முதல் விளைச்சல். நடுவிலும் இடையிலும் ஒரு குறை சொல்ல முடியாது. ஓரத்தில் ஐந்து குத்திலும் ஈரவாடை. தகரச் சுவரில் எங்கோ மழை கசிந்திருக்கிறது.

"அக்கா, இன்னிக்கு மட்டும் பழைய அட்டைய வெச்சுக்கோயேன். யாருக்குத் தெரியப்போகுது?"

பழைய அட்டையில் சரக்கு தேறிவிடும். அது அவளைவிட யாருக்குத் தெரியும்? ஆனாலும் 'வேண்டாம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். தம்பி வழியனுப்பக்கூட வராமல் உள்ளே போய்விட்டான்.

பத்து நாள் பேச்சில்லை. அவளும் வீம்புக்கு அழவில்லை. பதினோராம் நாள் போன் அடித்தது.

"அக்கா, ஈரத்தையெல்லாம் அள்ளி வெளில கொட்டிட்டேன். ஓட்டைய அடைச்சு, மிச்சத்தைச் சமமாப் பரப்பியாச்சு. வந்து குத்து."

"எந்த அட்டைப்படிடா குத்த?"

"புது அட்டையவே எடுத்துட்டு வா."

ஊசியக்கா போனை வைத்துவிட்டுத்தான் அழுதாள்.