பாதுஷாவின் பித்தளைக் கடிவாளம்

நான் குடியிருக்கும் பிளாக்கின் பெயர் பெவர்லி. பக்கத்து பிளாக் மாண்டேக், எதிரே இருப்பது சில்வர் லான்சர். அமெரிக்காவில் ஏதோ பணக்காரத் தெருக்களின் பெயர்கள் என்று நினைத்துக்கொண்டு இங்கே பாதிப் பேர் பெருமையாக விலாசம் சொல்கிறார்கள். மூன்றுமே குதிரைகளின் பெயர்கள். பெண்குதிரைகளோடு சேர்க்கவென்று வளர்க்கப்பட்டு, செத்தபின் இதே மண்ணில் புதைக்கப்பட்ட பொலிகுதிரைகள். இதைச் சொன்னதும் என் மனைவி கோமளா, "அப்ப சுடுகாட்டுல வீடு வாங்கியிருக்கீங்க" என்று முடித்துவிட்டாள். ஆவடியில் தொழிற்சாலைக் குவார்ட்டர்சிலேயே வேலைக் காலம் முழுவதையும் ஓட்டிவிட்டு, ஓய்வுபெறும் சமயத்தில் சொந்தமாக ஒரு கூரை வேண்டுமே என்று வாங்கிய வீடு இது. வாங்கும்போது நீச்சல்குளம் காட்டினார்கள், கிளப் ஹவுஸ் காட்டினார்கள். குதிரையைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை.

எனக்குச் சொன்னவர் கேட்டில் காவலுக்கு நிற்கும் சுலைமான் பாய்.

கிளப் ஹவுசில் பழைய ஆங்கிலப் பத்திரிகை விளம்பரம் ஒன்றைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார்கள். அலங்காரத்துக்காம். வெள்ளைக்காரன் காலத்து விளம்பரம். பூந்தமல்லிப் பண்ணையில் இந்தப் பருவத்துக்கு இன்னின்ன பொலிகுதிரைகள் தயாராக இருக்கின்றன, பந்தயக் குதிரை வளர்ப்போர் தங்கள் பெண்குதிரைகளை அனுப்பிவைக்கலாம் என்று பண்ணை வைத்திருந்த ஹார்ட்லி துரை போட்டது. ஒவ்வொரு குதிரைக்கும் அப்பன் பெயர், அம்மா பெயர், அம்மாவைப் பெற்றவன் பெயர், ஜெயித்த பந்தயங்கள் என்று நம் கல்யாணப் பத்திரிகை தோற்றுப்போகும் அளவுக்கு வம்சாவளி. கடைசியில் பொடி எழுத்தில், குதிரைக்காரனுக்குத் தனியே கொடுக்க வேண்டும் என்று ஒரு வரி. குதிரைக்காரனுக்குப் பெயர் கிடையாது.

அந்தக் குதிரைக்காரர் சுலைமான் பாயுடைய தாத்தாவின் அப்பா. இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்த பெவர்லியைத் துறைமுகத்தில் இறக்கி, பூந்தமல்லி வரைக்கும் நடத்தியே கூட்டிவந்தவர். துரை போய்ப் பண்ணை நம்மவர் கைக்கு மாறியது, அந்தக் குடும்பம் மட்டும் லாயத்தை விட்டு நகரவில்லை. பொலிகுதிரையைப் பிடிக்கிற வேலை அப்பனிடமிருந்து பிள்ளைக்கு வந்துகொண்டே இருந்தது. சுலைமான் பாயின் கைக்கு வந்த குதிரைதான் பாதுஷா.

அதற்கு ரேஸில் ஓடிய பெயர் வேறு. நீளமான இங்கிலீஷ் பெயர், பாய்க்கு வாயில் நுழையாது. காலில் அடிபட்டு ஓட்டம் முடிந்தபின் லாரியில் இங்கே வந்து இறங்கியது. தாய்வழியில் பெவர்லியின் ரத்தம். கருஞ்சிவப்பு உடம்பு, நெற்றியில் கோணலாக ஒரு வெள்ளை. வந்த அன்று லாரியிலிருந்து இறங்கும்போது பலகை வழுக்கித் தோள் அடிபட்டுவிட்டது. அதற்கப்புறம் லாரிச் சத்தம் கேட்டாலே அது லாயத்தின் மூலைக்குப் போய் நின்றுகொள்ளும்.

"என் சம்சாரம் ஜன்னத்து என்னைய கேப்பா சார், நீ என்னைக் கட்டிகினியா, அந்தக் குதிரையக் கட்டிகினியான்னு" என்று பாய் ஒரு நாள் சொன்னார். அந்த அம்மா செத்துப்போனபிறகு கேட்கவும் ஆளில்லை. பிள்ளை குட்டி கிடையாது. பாதுஷாவுக்கு வயசாகி, ஒரு கண்ணில் பூ விழுந்து, பொலிவேலையும் நின்றுபோனது. அப்போது பண்ணை முதலாளி ரவிச்சந்திரன், "இவன் சாகிற வரைக்கும் இங்கேயே இருக்கட்டும் பாய். செத்தா பெவர்லிக்குப் பக்கத்துல மேட்டுல புதைச்சிடலாம்" என்று வாக்குக் கொடுத்திருந்தார். பின்பக்கம் புங்க மரங்களுக்கு நடுவே இருந்த மேடு அது. பெவர்லியையும் மற்றவற்றையும் முழு உடம்பாகப் புதைத்து, தலைமாட்டில் பெயர்க் கல் நட்டிருந்தார்கள். சுலைமான் பாய் வாழ்க்கையில் எதிர்பார்த்தது அது ஒன்றுதான். பாதுஷாவின் தலை தன் மடியில் சாய வேண்டும், அந்த மேட்டில் அதற்கு ஒரு இடம் வேண்டும்.

இங்கே அந்தக் கடிவாளத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். இதைச் சொல்லாவிட்டால் மற்றது எதுவும் விளங்காது.

பொலிகுதிரைக்குத் தலையில் மாட்ட இரண்டு பூட்டு. நடக்க, குளிக்க, லாடம் அடிக்க, டாக்டருக்குக் காட்ட எல்லாவற்றுக்கும் சாதாரணக் கயிற்றுப் பூட்டு. இன்னொன்று, அகலமான கருப்புத் தோலில் பித்தளைத் தகடு பதித்து, தாடைக்குக் கீழே சங்கிலி ஓடுகிற கடிவாளம். பெண்குதிரையிடம் கூட்டிப்போகும்போது மட்டும்தான் அதைப் போடுவார்கள். வேறு எதற்கும் போடமாட்டார்கள். அந்தப் பித்தளைச் சத்தம் கேட்டால் குதிரைக்குத் தெரிந்துவிடும். கழுத்தை வளைத்து, தரையை உதைத்து, லாயம் அதிரக் கனைக்கும். கயிற்றைப் போட்டால் பசுமாதிரி பின்னால் வரும். இப்படி இரண்டாகப் பிரித்து வைக்காவிட்டால், எப்போது அடங்கி நடப்பது, எப்போது எழுவது என்று அதற்குத் தெரியாமல் போய் ஆளை மிதித்துவிடும்.

"எங்க நைனா சொல்வாரு சார். அதப் போட்டுட்டா பெட்டைகிட்ட கூட்டினு போயே ஆவணும். போட்டுட்டு சும்மா திரும்பக் கூட்டியாரக் கூடாது. அது குதிரைக்கு நாம குடுக்கற வாக்குன்னு."

இதில் பாய் ஒருவருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை. முதலாளியின் பேரன் பிரசன்னா ஒருமுறை, போட்டோவுக்கு நன்றாக இருக்கும் என்று அந்தப் பித்தளைக் கடிவாளத்தைப் போடச் சொன்னான். பாய் முடியாது என்று சொல்லிவிட்டார். கயிற்றோடுதான் போட்டோ எடுத்தார்கள்.

பெரியவர் ரவிச்சந்திரன் போய்ச் சேர்ந்தார். பண்ணை பிரசன்னாவிடம் வந்தது. கரையான்சாவடியிலிருந்து ஆவடி போகிற ரோட்டில் இவ்வளவு பெரிய நிலத்தை வைத்துக்கொண்டு ஒருவன் குதிரைக்குப் புல் வளர்ப்பானா? விற்றான். பிரசன்னா கெட்டவன் இல்லை, அடிக்கடி இங்கே வந்து போகிறான், என்னைப் பார்த்தால் "வணக்கம் அங்கிள்" என்பான். அவனைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பாதுஷாவுக்கு ஆந்திராவில் ஒரு பண்ணையில் இடம் பிடித்துவிட்டதாகவும், பாயும் கூடவே போய் அங்கேயே இருக்கலாம் என்றும் அவன் சொன்னான். மேடு என்ன ஆகும் என்று பாய் கேட்டிருக்கிறார். கல்லையெல்லாம் பில்டர் பத்திரமாக எடுத்துவைப்பார் என்று பதில் வந்தது. எடுத்துத்தான் வைத்தார்கள், பிளாக்குக்குப் பெயர் வைக்க.

பாய் மனசைத் தேற்றிக்கொண்டார். மேடு இல்லாவிட்டால் போகட்டும், சாகும்போது நான் பக்கத்தில் இருந்தால் போதும் என்று துணிமணியை மூட்டை கட்டினார்.

லாரி காலையில் வந்தது. பாதுஷா ஏறவில்லை. கயிற்றைப் பிடித்துப் பாய் முன்னால் ஏறி நின்று கூப்பிட்டார். பலகை வரைக்கும் வந்து, முன்னங்காலை வைத்துப் பார்த்து, பின்வாங்கிவிட்டது. வெல்லம் காட்டினார். கண்ணைத் துணியால் கட்டினார்கள். இரண்டு பேர் பின்னாலிருந்து தள்ளினார்கள், ஒருத்தன் நெஞ்சில் உதை வாங்கினான். மத்தியானம் ஆகிவிட்டது. மறுநாள் லாயத்தை இடிக்க மண் அள்ளும் இயந்திரம் வெளியே வந்து நின்றுகொண்டிருந்தது.

பிரசன்னா கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே, அங்கே வந்திருந்த குதிரை டாக்டரிடம் பேசினான். பிறகு பாயிடம் வந்து, "ஏறலைன்னா ஊசி போட்டுடலாம் பாய். அதுக்கும் கஷ்டம் இல்லை" என்றான்.

"இங்கயே பொதைச்சிடுவீங்களா தம்பி?"

"அது எப்படி பாய்? பில்டர் ஒத்துக்கமாட்டார். வண்டி வரச் சொல்லி எடுத்துட்டுப் போகச் சொல்லணும்."

பாய் லாயத்துக்குள் போனார். ஆணியில் தொங்கிய பித்தளைக் கடிவாளத்தை எடுத்தார். பொலிவேலை நின்று அது சும்மா தொங்கிக்கொண்டிருந்தாலும், வாரம் தவறாமல் எண்ணெய் போட்டுத் தோலை மெத்தென்று வைத்திருந்தார்.

சத்தம் கேட்டதுமே பாதுஷா தலையைத் தூக்கிவிட்டதாம். பூ விழுந்த கண்ணையும் சேர்த்து அகலத் திறந்து, காது இரண்டையும் முன்னால் நிமிர்த்தி, கிழட்டு உடம்பு முழுக்கச் சிலிர்த்துக்கொண்டு நின்றதாம். பாய் கடிவாளத்தைப் போடும்போது தானே வாயைத் திறந்து வாங்கிக்கொண்டதாம். லாயத்திலிருந்து லாரி வரைக்கும் கழுத்தை வில்லாய் வளைத்து, கால் தூக்கித் தூக்கி வைத்து வந்தது. பலகையைப் பார்க்கவே இல்லை. லாரிக்குள் பெட்டை நிற்கிறது என்று நம்பி, கனைத்துக்கொண்டே ஒரே மூச்சில் ஏறிவிட்டது.

சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்களாம்.

உள்ளே கட்டியவுடன் கடிவாளத்தைக் கழற்றிவிட்டுக் கயிற்றைப் போட வேண்டும். வேலை முடிந்தது, அடங்கு என்று அதற்குச் சொல்கிற வழி அது ஒன்றுதான். அவசரத்தில் கயிறும் மூட்டையும் லாயத்து வாசலிலேயே இருந்துவிட்டன. எடுத்துவரப் பாய் கீழே குதித்தார். அவர் திரும்புவதற்குள் டிரைவர் பின்கதவைச் சாத்தித் தாழ் போட்டுவிட்டான். ஏறினது இறங்கிவிடப் போகிறதே என்று பயம். "போ போ, கிளம்பு" என்று பிரசன்னா கை காட்டினான். பாயைப் பின்னால் பஸ்ஸில் அனுப்பிக்கொள்ளலாம் என்று நினைத்தானாம்.

பாய் கையில் கயிற்றோடு ஓடினார். "கயிறு மாத்தணும், நிறுத்துப்பா, கயிறு மாத்தணும்" என்று கத்திக்கொண்டே கரையான்சாவடி வரைக்கும் ஓடினார். கடைக்காரர்கள் வேடிக்கை பார்த்தார்கள். யாருக்கு என்ன புரியும்? வெகுநேரம் கழித்துக் கிடைத்த ஒரு ஷேர் ஆட்டோவில் தொற்றிக்கொண்டு திருமழிசை தாண்டிப் போனபோது ரோட்டோரம் கூட்டம் நின்றது. லாரியும் நின்றது.

டிரைவர் தேவா கையைப் பிசைந்துகொண்டு ஓடிவந்தான். "நா இன்னா பண்றது பாய்? ஏறினதுலேர்ந்து உள்ள ஒரே உதை. சுவத்த உதைச்சிகினு, கத்திகினு, எதையோ தேடற மாறியே தலையத் திருப்பிகினு வந்துச்சு. பலகை ஒடைஞ்சி கால் மாட்டிக்கிச்சு. எலும்பு வெளிய வந்திடுச்சு பாய். அப்புறம் டாக்டர இட்டாந்து ஊசி போட்டுட்டாங்க. இப்பதான் அடங்குச்சு."

பாய் உள்ளே ஏறிப் பார்த்தார். உடம்பு இன்னும் சூடாக இருந்தது. கடிவாளம் அப்படியே இருந்தது. தாடைச் சங்கிலி வாயோரத்தைக் கிழித்திருந்தது. அவர் அதைக் கழற்றினார், கொண்டுபோன கயிற்றுப் பூட்டை மாட்டினார். செத்த குதிரைக்கு எதற்கு என்று தேவா கேட்டானாம். பாய் கழற்றிய கடிவாளத்தைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கினார்.

எங்கே புதைத்தார்கள் என்று அவருக்குத் தெரியாது. யாரோ ஒருவருடைய காலி மனையில், இயந்திரத்தை வைத்துக் குழி வெட்டித் தள்ளினார்கள். பின்னால் ஒருமுறை தேடிக்கொண்டு போயிருக்கிறார். மனை எல்லாம் ஒன்றுபோல இருந்தது, திரும்பி வந்துவிட்டார்.

இங்கே கட்டடம் எழும்பியதும் பிரசன்னாவே சிபாரிசு செய்து அவருக்குக் காவல் வேலை வாங்கிக் கொடுத்தான். போவதற்கு வேறு இடமில்லாத மனிதர், ஒத்துக்கொண்டார். புங்க மரமும் மேடும் இருந்த இடம் இப்போது விருந்தாளிகள் கார் நிறுத்தும் இடம். அங்கே யாராவது கோணலாக வண்டியை விட்டால் மட்டும் பாய் சண்டைக்குப் போவார். குடியிருப்போர் சங்கத்தில் அதைப் புகாராகவே எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்.

கதை முழுக்கக் கேட்டபிறகு எனக்கு ரத்தம் கொதித்தது. சங்கக் கூட்டத்தில் போய்ப் பேசினேன். பெவர்லிக்கும் மாண்டேக்குக்கும் பெயர்ப்பலகை இருக்கிறது, பாதுஷாவுக்கு அந்தக் கார் நிறுத்தும் இடத்தில் ஒரு சின்னக் கல் வைத்தால் குறைந்தா போய்விடும் என்று கேட்டேன். ஆச்சரியமாக, ஒத்துக்கொண்டார்கள். நீச்சல்குளத்துப் பக்கம் வைத்தால் பார்வையாக இருக்கும் என்றுகூட ஒருவர் சொன்னார். ஏதோ பெரிய காரியம் சாதித்துவிட்ட மாதிரி கேட்டுக்கு வந்து பாயிடம் சொன்னேன்.

அவர் நாற்காலியிலிருந்து எழுந்திருக்கவில்லை. வழக்கமாக என்னைப் பார்த்தால் எழுந்துவிடுவார்.

"வேணாம் சார். கல்லு எதுக்கு? அவன் இங்க இல்லியே."

"பேராவது இருக்கட்டுமே பாய்."

"பேர வச்சிகினு இன்னா பண்றது?" என்றார். "ஊசின்னு சொன்னப்பவே சரின்னு வுட்டிருக்கணும் சார். லாயத்துலயே, என் மடில போயிருப்பான். எங்க கொண்டுபோய்ப் போட்டா இன்னா, செத்தவனுக்குத் தெரியவா போவுது? எனக்கு அவன் உசிரோட வேணும்னு ஆசை. அவன் என்னைய நம்பி லாரில ஏறல சார். நா நின்னு நின்னு கூப்ட்டேன், வரல. அந்தக் கடிவாளத்தத்தான் நம்பி ஏறினான். எங்க கொள்ளுத்தாத்தா காலத்துலேர்ந்து அதப் போட்டுக் கூட்டினு போன எந்தக் குதிரையும் ஏமாந்ததில்ல. நாந்தான் ஏமாத்தினேன்."

அது உங்கள் தப்பில்லை, டிரைவர் தப்பு, பிரசன்னா தப்பு என்று ஏதேதோ உளறினேன். அவர் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார், சிறுபிள்ளை பேசுவதைக் கேட்கிற மாதிரி.

காவல் அறைக் கதவுக்குப் பின்னால் அந்தக் கடிவாளம் தொங்குகிறது. அன்றுதான் நான் அதைப் பார்த்தேன். பித்தளை பச்சை பூத்திருந்தது. தோல் காய்ந்து, மடிப்புகளில் வெடித்து, தொட்டாலே உதிர்ந்தது. நல்லெண்ணெய் போட்டால் சரியாகிவிடுமே, வீட்டிலிருந்து கொண்டுவரட்டுமா என்று கேட்டேன்.

"போட மாட்டேன் சார்" என்றார் பாய். "மக்கிப் போவட்டும்."

வெளியே ஒரு கார் வந்து ஹார்ன் அடித்தது. அவர் எழுந்து போய்க் கேட்டைத் திறந்துவிட்டார்.